பதினோரு கணினிகளுக்கு ஒரே டெம்ப்ளேட்

டிராயிங்கில் எடை 56 கிலோ என்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றார்கள். ஃப்ரேம் அசையவே இல்லை. கிரேனில் மாட்டி எடை பார்த்தபோது 440 கிலோ. யாருக்கும் அடிபடவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அன்று மாலையே அந்த மாடலைத் திறந்து பார்த்தேன். மெட்டீரியலே கொடுக்கப்படவில்லை. மெட்டீரியல் கொடுக்காத பார்ட்டுக்கு, டெம்ப்ளேட்டில் (புது ஃபைல் தொடங்கும்போது நகலாகும் மாதிரி ஃபைல்) என்ன அடர்த்தி இருக்கிறதோ அதை வைத்துத்தான், நாங்கள் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருள் எடையைக் கணக்கிடும். மென்பொருளோடு வரும் டெம்ப்ளேட்டில் அது கன மீட்டருக்கு 1000 கிலோ, அதாவது தண்ணீரின் அடர்த்தி. எஃகுக்கு 7850. கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு எடைதான் டிராயிங்கில் ஏறியிருக்கிறது.

வரைந்தவர் கவனமானவர். சில மாதங்களுக்கு முன் அவருக்குப் புதுக் கணினி கொடுத்திருந்தோம். பழைய கணினியில் யாரோ எப்போதோ எஃகை மெட்டீரியலாக வைத்துச் சேமித்த டெம்ப்ளேட் இருந்திருக்கிறது. புதுக் கணினிக்கு அது வரவில்லை. அப்படி ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. இத்தனை வருடம் எடை சரியாக வந்ததால், இனியும் சரியாகத்தான் வரும் என்று நம்பியிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

அதன் பிறகுதான் எங்கள் டீமின் பதினோரு கணினிகளிலும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுதினேன். பார்ட் டெம்ப்ளேட் மட்டும் ஒன்பது வகை. இரண்டில் அளவு அங்குலத்தில். பாகத்தின் பார்வைகளைத் தாளில் அடுக்கும் முறையும் ஒன்றாக இல்லை: டிராயிங் டெம்ப்ளேட் ஒன்றில் மூன்றாம் கோண வீழல், மற்றவற்றில் முதல் கோணம். டைட்டில் பிளாக்கின் (டிராயிங்கில் விவரங்கள் எழுதும் கட்டம்) பொது டாலரன்ஸ் குறிப்பு, அதாவது அளவில் எவ்வளவு விலகல் வரலாம் என்ற குறிப்பு, பாதியில் 'ஐஎஸ்ஓ 2768-எம்கே' என்று இருந்தது, மீதியில் அந்த இடமே காலி. அந்தக் குறிப்பில் 'எம்' என்பது நீள, கோண அளவுகளுக்கானது. அந்தப் பகுதி இன்றும் நடப்பில் இருக்கிறது. 'கே' என்பது வடிவ, நிலை டாலரன்ஸுக்கானது. அதற்கான இரண்டாம் பகுதியை 2021இல் விலக்கிக்கொண்டு ஐஎஸ்ஓ 22081ஐக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆக, விலக்கப்பட்ட தரத்தை இன்னும் எழுதிக்கொண்டிருந்தோம். பதினோரு இடத்தில் திருத்த வேண்டிய வரியை யாரும் திருத்துவதில்லை. ஒரே இடத்தில் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொண்டது எனக்கு மிகவும் உதவியது. 'செட்டிங்ஸ்' என்று ஒரே பெயரில் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. அலகு, அடர்த்தி, அம்புக்குறி அளவு, எழுத்துரு போன்றவை ஃபைலுக்குள்ளேயே இருப்பவை. டெம்ப்ளேட்டிலிருந்து ஒருமுறை நகலாகி வந்தபின் அந்த ஃபைலோடுதான் வாழும். டெம்ப்ளேட் எங்கே இருக்கிறது, மெட்டீரியல் பட்டியல் எங்கே இருக்கிறது என்ற பாதைகள் கணினியில் அந்தப் பயனரின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) இருப்பவை. மூன்றாவது, ஆளுக்கு உரியவை: ஷார்ட்கட் விசைகள், மவுஸ் அசைவுகள், டூல்பார் அடுக்கு. முதல் இரண்டும் நிறுவனத்தின் பொறுப்பு. மூன்றாவதில் நிறுவனம் கை வைக்கக்கூடாது. இதை நான் கற்றது தவறு செய்தபிறகு.

காப்பி செட்டிங்ஸ் விஸார்டு என்று ஒன்று மென்பொருளோடு வருகிறது. ஒரு கணினியின் அமைப்புகளை ஒரு ஃபைலாகச் சேமித்து இன்னொன்றில் ஏற்றலாம். எது எது போகவேண்டும் என்று டிக் செய்யும் பெட்டிகள் அதிலேயே உண்டு. நான் எல்லாவற்றையும் டிக் செய்து, என் கணினியின் அமைப்புகளை எல்லோருக்கும் ஏற்றிவிட்டேன். மறுநாள் காலை பத்துப் பேருக்கும் கை நின்றுபோனது. பத்து வருடமாக ஒரே விசையில் டைமென்ஷன் போட்ட ஒருவர், அன்று முழுக்க மெனுவில் தேடிக்கொண்டிருந்தார். அவர் என்னிடம் கோபப்படவில்லை, ஆனால் அந்த நாள் அவருக்கு வீணானது என்னால்தான். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பேக்கப்பிலிருந்து அவரவர் ஷார்ட்கட்டைத் திரும்பக் கொடுத்தேன். நல்லவேளை, ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் அதே விஸார்டால் ஒரு நகல் எடுத்து வைத்திருந்தேன். இதைச் செய்யப்போகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் அந்த நகலை மறக்க வேண்டாம்.

அப்புறம் பொது ஃபோல்டர். சர்வரில் ஒரே ஒரு ஃபோல்டர், அதற்குள் டெம்ப்ளேட், ஷீட் ஃபார்மேட், மெட்டீரியல் பட்டியல், பாகப் பட்டியல் அட்டவணைகள், ரெவிஷன் அட்டவணை, வெல்ட்மென்ட் ப்ரொஃபைல்கள் (வெல்டிங் ஃப்ரேம்களுக்கான குழாய் போன்றவற்றின் குறுக்குவெட்டு வடிவங்கள்) என்று தனித்தனி உள் ஃபோல்டர்கள். ஆப்ஷன்ஸில் ஃபைல் லொகேஷன்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொன்றுக்கும் பாதை கொடுக்க வேண்டும். முதலில் டிரைவ் எழுத்தை வைத்துப் பாதை கொடுத்தேன். எல்லாக் கணினியிலும் அதே எழுத்து இல்லை, நான்கு பேருக்கு எதுவுமே வரவில்லை. சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

வெல்ட்மென்ட் ப்ரொஃபைலுக்கு மட்டும் அரை நாள் போனது. தரத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் வகையின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ப்ரொஃபைல் ஃபைல்கள் என்று அடுக்கு இருக்க வேண்டும். பாதை சுட்ட வேண்டியது தரத்தின் ஃபோல்டரை அல்ல, அதற்கு ஒரு படி மேலே. நான் ஒரு படி கீழே சுட்டியிருந்தேன். அதனால் தரம் இருக்க வேண்டிய இடத்தில் வகைகள் வந்து நின்றன, அளவுப் பட்டியல் காலியாக இருந்தது. எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதால் கண்டுபிடிக்க நேரமாகும்.

டெம்ப்ளேட்டையும் ஷீட் ஃபார்மேட்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஷீட் ஃபார்மேட் என்பது பார்டரும் டைட்டில் பிளாக்கும். டிராயிங் டெம்ப்ளேட் என்பது அதோடு சேர்ந்த அமைப்புகள் அனைத்தும். டைட்டில் பிளாக்கை ஐஎஸ்ஓ 7200 சொல்லும் 180 மில்லிமீட்டர் அகலத்தில் புதிதாக வரைந்து, சர்வரில் ஷீட் ஃபார்மேட்டை மாற்றினேன். புது டிராயிங்கைத் திறந்தால் பழைய டைட்டில் பிளாக்கே வந்தது. காரணம், டெம்ப்ளேட்டுக்குள் ஷீட் ஃபார்மேட்டின் நகல் ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. டெம்ப்ளேட்டைத் திறந்து, ஷீட் ப்ராபர்ட்டீஸில் ரீலோட் கொடுத்து, மறுபடி சேமிக்க வேண்டும். பழைய டிராயிங்குகளுக்கும் இதே கதைதான். ஒவ்வொன்றையும் திறந்து ரீலோட் செய்தால்தான் மாறும். ஆயிரக்கணக்கில் இருப்பவற்றை ஒரேயடியாக மாற்றலாம் என்று டீமில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே போன டிராயிங், ரெவிஷன் எண் மாறாமல் தோற்றம் மட்டும் மாறினால், ஒர்க்‌ஷாப்பில் கையிலிருக்கும் தாளும் கணினியில் இருப்பதும் வேறுவேறாகிவிடும். அடுத்த ரெவிஷன் எப்போது வருகிறதோ அப்போது மாற்றுவோம் என்று முடிவு செய்தோம்.

இனி எடை விஷயம். எஃகைப் பொது டெம்ப்ளேட்டில் மெட்டீரியலாக வைத்துவிடலாம் என்பதே பலருடைய யோசனை. எங்கள் பாகங்களில் பெரும்பாலானவை எஃகுதான். ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி 2700. அதில் வரைந்த பாகத்துக்கு மெட்டீரியல் கொடுக்க மறந்தால், எஃகின் எடை எந்தச் சந்தேகமும் இல்லாமல் டிராயிங்கில் வந்து உட்கார்ந்துவிடும். பார்ப்பவர் நம்பிவிடுவார். அதனால் மெட்டீரியலைக் காலியாகவே விட்டோம். அதற்குப் பதில் டைட்டில் பிளாக்கின் மெட்டீரியல் கட்டத்தில் கையால் எழுதுவதை நிறுத்தி, மாடலின் ப்ராபர்ட்டியோடு இணைத்தோம். மெட்டீரியல் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கட்டத்திலேயே 'குறிப்பிடப்படவில்லை' என்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். செக் செய்பவர் கண்ணில் படாமல் போகாது. 56 கிலோ டிராயிங்கில் 'மைல்டு ஸ்டீல்' என்று கையால் எழுதியிருந்தார்கள் என்பதால்தான் அன்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

போல்ட், நட் போன்ற தயார் பாகங்களின் தொகுப்பான டூல்பாக்ஸையும் பொது இடத்துக்குக் கொண்டுவந்தோம். அதற்கு முன் ஒருவர் செய்த அசெம்பிளியை இன்னொருவர் திறந்தால் சில போல்ட்டுகள் ராட்சத அளவில் நிற்கும். முதலாமவரின் டூல்பாக்ஸில் உருவான அளவு இரண்டாமவரின் கணினியில் இருக்காது, அதனால் வேறு அளவைக் காட்டும். எல்லோரும் ஒரே டூல்பாக்ஸைச் சுட்டியபின் இந்தப் புகார் நின்றது.

பொது ஃபோல்டரில் எழுதும் உரிமை இரண்டு பேருக்கு மட்டும். மற்றவர்களுக்குப் படிக்கும் உரிமை. இது அதிகாரம் காட்டுவது போலத் தெரியக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். என்ன மாற்றம் வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஒரு வாரத்துக்குள் ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்று எங்களுக்கே கெடு வைத்துக்கொண்டோம். என்ன மாறியது, எப்போது மாறியது என்று அதே ஃபோல்டரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வருகிறோம்.

லேப்டாப்பில் வெளியே போகிறவர்களுக்கு சர்வர் கிடைக்காது. அவர்களுக்கு லாகின் ஆகும்போது ரோபோகாப்பி என்ற விண்டோஸின் நகலெடுக்கும் கருவியால் அந்த ஃபோல்டரின் நகல் சி டிரைவுக்கு வருகிறது, பாதைகள் அந்த நகலைச் சுட்டுகின்றன. நகல் எப்போதும் சர்வரிலிருந்து லேப்டாப்புக்குத்தான். அதன் மிரர் ஆப்ஷன் மூலத்தில் இல்லாததை நகல் போகும் பக்கத்தில் அழித்துவிடும் என்பதால், திசை மாறினால் பொது ஃபோல்டரே போய்விடும்.

மென்பொருளின் பதிப்பு மாறும்போது ஃபோல்டரையும் புதிதாக எடுக்கிறோம். புதுப் பதிப்பில் சேமித்த டெம்ப்ளேட் பழைய பதிப்பில் திறக்காது. எல்லோரும் ஒரே நாளில் மாறுவதும் இல்லை. அதனால் பதிப்பின் எண்ணோடு தனி ஃபோல்டர், பழையது கடைசி ஆள் மாறும்வரை அப்படியே இருக்கும்.

இவை எல்லாம் புதிதாக வரையும் பாகங்களுக்கு. ஏற்கெனவே வரைந்தவற்றில் இதே பிழை எத்தனை இருக்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை. ஒரு சிறு மேக்ரோ (மென்பொருளுக்குள் தானாக ஓடும் சிறு நிரல்) எழுதி, மெட்டீரியல் இல்லாத பார்ட்டுகளை எல்லாம் பட்டியல் எடுத்தேன். அதில் தூக்கி வைக்க வேண்டிய பெரிய ஃப்ரேம்கள் 31 இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மெட்டீரியல் கொடுத்து, எடையைத் திருத்தி, புது ரெவிஷனோடு ஒர்க்‌ஷாப்பிற்கு அனுப்பி, பழைய தாளைக் கையோடு திரும்ப வாங்கினோம். கடைசித் தாள் போன மாதம் வந்து சேர்ந்தது. அதில் 38 கிலோ என்று இருந்தது. சரியான எடை 298.