போலாம் ரைட் சொல்ல ஏழு மாதம்

உத்தனப்பள்ளியில் இறங்க வேண்டியவர்கள் இறங்கியாயிற்று. விசிலை வாயில் வைத்து ஊதினேன். சத்தம் வரவில்லை, காற்று இடது வாயோரமாகக் கசிந்து போனது. விசிலுக்குள் எச்சில் அடைத்துக்கொண்டது என்று நினைத்து உதறிவிட்டு மறுபடி ஊதினேன். அதே கதைதான். சரி, வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று “போலாம் ரைட்” என்றேன். எனக்குள் தெளிவாகத்தான் இருந்தது. வெளியே வந்தது “மோயாங் யை.” முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு, “காலங்காத்தால ஊத்திக்கிட்டு வந்துட்டான் பாரு” என்றார். அப்போது மணி ஏழேகால். 22 வருட சர்வீசில் டூட்டியில் ஒரு நாள்கூட நான் குடித்ததில்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன், இன்னும் மோசமாகக் குழறியது.

தர்மபுரி – ஓசூர் லைனில் கண்டக்டராக இருந்தவன் நான். பிரஷர், சர்க்கரை இரண்டும் உண்டு. பிரஷர் மாத்திரையை “இப்ப நல்லாத்தானே இருக்கேன்” என்று நானே இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தேன். அந்தத் தப்பு என்னுடையதுதான், வேறு யாருடையதும் இல்லை.

ஓசூரில் போய்க் காட்டிய இடத்தில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, “ஒண்ணும் இல்லை, பிரஷர் ஏறியிருக்கு, அலைச்சல்” என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பி எங்கள் பஸ்ஸிலேயே ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: ரத்தக் கசிவு என்றால் சி.டி.யில் உடனே தெரியும். மூளைத்தண்டில் உள்ள சின்ன அடைப்பு முதல் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அதில் அகப்படாது. வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குழறினால், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றாலும் அது பக்கவாதம் இல்லை என்று ஆகிவிடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நான் அந்த நேரத்தை வீட்டில் படுத்துத் தூங்கிக் கழித்தேன்.

இரவு தண்ணீர் குடித்தபோது புரையேறி மூச்சு முட்டியது. மறுநாள் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரி, அப்புறம் எம்.ஆர்.ஐ. மூளைத்தண்டில், மிளகளவுக்கு ஓர் இடம் செத்துப் போயிருந்தது. அந்த மிளகு வழியாகத்தான் வாய்க்கும் நாக்குக்கும் இடது கைக்கும் போகிற நரம்புப் பாதை கீழே இறங்குகிறதாம். கால் தப்பித்தது. கை கொஞ்சம் தடுமாறியது. பேச்சுதான் போயிற்று.

வார்டில் இருந்த நாட்களில் வைத்தியத்துக்குப் பஞ்சமில்லை. அத்தை வசம்பைச் சுட்டுக் கொண்டுவந்து நாக்கில் தடவினார். பக்கத்துக் கட்டில்காரரின் மச்சான், புறா ரத்தம் தேய்த்தால் ஒரே வாரம் என்றார். என் மனைவி அத்தைக்காக வசம்பை விட்டுவைத்தாள், புறாவைத் தடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மாதத்தை வீணாக்கியதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சுப் பயிற்சி தருகிறோம் என்று போர்டு வைத்திருந்த ஓர் இடத்துக்குப் போனேன். ஒரு தடவைக்கு 400 ரூபாய். மெழுகுவத்தியை ஊதி அணைக்கச் சொன்னார்கள், பலூன் ஊதச் சொன்னார்கள், நாக்கை வலது இடது மேலே கீழே ஆட்டச் சொன்னார்கள். ஒரு வார்த்தை பேசச் சொல்லவில்லை. மாதக் கடைசியில் எனக்குப் பலூன் ஊத நன்றாக வந்தது. “தண்ணி கொடு” மட்டும் வரவில்லை.

அதன் பிறகு கிடைத்த பேச்சுப் பயிற்சியாளர்தான் சரியான ஆள். காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஒன்று கவனியுங்கள்: இந்த வேலை செய்கிறவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டால் தப்பில்லை, முறையாகப் படித்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இவர் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் படித்தவர். 1965இல் தொடங்கிய இடம் அது. நம் எல்லைப்பக்கத்து ஆட்களுக்குச் சென்னையைவிட மைசூரும் பெங்களூரு நிமான்ஸ் மூளை நரம்பு ஆஸ்பத்திரியும்தான் கிட்டம்.

அவர் அறைக்கு வெளியே பெஞ்சில் மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள். நடுவில் 51 வயதில் நான். உள்ளே பொம்மை, படப் புத்தகம், கலர் கலராக வளையம். வெட்கமாகத்தான் இருந்தது.

முதல் நாள் பயிற்சியே கிடையாது, சோதனை மட்டும்தான். ஒரே மூச்சில் “ஆ” சொல்லச் சொன்னார். ஆறு விநாடியில் முடிந்துவிட்டது. பாபாபா, தாதாதா, காகாகா, பிறகு மூன்றையும் சேர்த்துப் பதக பதக என்று வேகமாக. பா உதட்டுக்கு, தா நுனிநாக்குக்கு, கா அடிநாக்குக்கு. எனக்குப் பா “மா” ஆகியது. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். “பா” சொல்லும்போது கண்ணாடியில் ஆவி படிந்தது. உள்நாக்குப் பக்கத்து மெல்லண்ணம் மூக்கின் வழியைச் சரியாக அடைக்கவில்லை, அதனால்தான் பாலக்கோடு மாலக்கோடு ஆகிறது என்றார்.

ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணச் சொன்னார். ஞாயிறு திங்கள் சொல்லச் சொன்னார். கடைசியாக, “உங்க வேலையில தினமும் சொல்ற வார்த்தை எது சார்?” என்றார். போலாம் ரைட். அதுவும் குழறியது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். என்ன என்று எழுதிக் கேட்டேன். வலது கை நன்றாக இருந்ததால் எழுதுவதில் சிக்கல் இல்லை.

அவர் சொன்னதை எங்கள் பாஷையில் சொன்னால் இப்படி: எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் போவது ஒரு வகை, அது மொழியே பாதிக்கப்படுவது. ஊர் தெரியும், எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்ற ரூட் குழம்பிப் போவது இன்னொரு வகை. அதற்கு அப்ரேக்ஸியா என்று பெயர். அதில் தசையில் பலவீனம் இருக்காது. வாய் சரியான இடத்தைத் தேடித் தேடித் தடுமாறும், ஒரே சொல்லை ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். ஆனால் பழகிப்போன எண்ணிக்கையும் வணக்கமும் பல பேருக்குச் சட்டென்று வந்துவிடும். மூன்றாவது, ஊரும் சரி, ரூட்டும் சரி, வண்டிதான் இழுக்கவில்லை. அது டிஸ்ஆர்த்ரியா. என்னுடையது அந்த மூன்றாவது. 22 வருடம் சொன்ன போலாம் ரைட்டும் புதுச்சொல்லும் ஒரே மாதிரி குழறியதால் சந்தேகம் குறைந்தது. எனக்கு லைனில் பழகிய கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் வரும். அதையும் பேசச் சொல்லிப் பார்த்தார். மூன்று மொழியிலும் ஒரே குழறல். “எல்லா மொழிக்கும் சமமா இருக்கீங்க” என்று சிரித்தார். வாய் கோணிய பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

பேச்சுக்கு முன் விழுங்குவதைப் பார்த்தார். இதுவும் அவர்கள் வேலைதான் என்பது எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீர் போல ஓடுகிறது எதுவும் எனக்கு ஆபத்து, கெட்டியாக மெதுவாக இறங்குவது பரவாயில்லை என்று கண்டுபிடித்தார். மோவாயைக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொன்னார். “வீட்டுல ராகி இருக்குமே, கூழைக் கொஞ்சம் கெட்டியா, கட்டி இல்லாம காய்ச்சிக் கொடுங்க” என்று மனைவியிடம் சொன்னார். தர்மபுரிக்காரனிடம் இதைச் சொல்ல வேண்டுமா? ஆறு வாரம் ராகிக் கூழில்தான் ஓடியது. களியைக் கையால் தொடக்கூடாது என்றார், அதுதான் கஷ்டம். இதைப் படித்துவிட்டு யாரும் அவர்களாகக் கூழ் காய்ச்ச வேண்டாம். ஆளுக்கு ஆள் மாறும், சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு நான் எதிர்பார்த்தது அ, ஆ, இ, ஈ. அவர் கேட்டது என் ரூட்டில் உள்ள ஊர்களை. பாலக்கோடு, வெள்ளிச்சந்தை, ராயக்கோட்டை, உத்தனப்பள்ளி, ஓசூர். எழுதிக் கொடுத்ததும் அவருக்கு ஒரே சந்தோஷம். பாலக்கோட்டில் உதடு, நுனிநாக்கு, அடிநாக்கு மூன்றும் வந்துவிடுகிறது. உத்தனப்பள்ளியில் த்த, ப்ப, ள்ள மூன்று அழுத்தம். நாக்கைச் சும்மா ஆட்டினால் நாக்கு ஆடப் பழகும், பேச வேண்டுமென்றால் பேசித்தான் பழக வேண்டும் என்றார். பலூனுக்குக் கொடுத்த காசு அப்போது கண்முன் வந்து போனது.

முக்கியமான மாற்றம் வேகம். கண்டக்டர் வாய் எப்போதும் அவசரத்தில் இருக்கும். நாலு ஊரை ஒரே மூச்சில் கொட்டுவோம். இப்போது ஒரு மூச்சுக்கு மூன்று சொல், அதற்கு மேல் கிடையாது. நிமிர்ந்து உட்கார், மூச்சை எடு, மூச்சு வெளியே வர ஆரம்பித்ததுமே பேச ஆரம்பி. ஒவ்வொரு அசைக்கும் விரலால் ஒரு தட்டு. தட்டுவதற்கு மனைவி என் பழைய பணப்பையின் பட்டையில் ஆறு சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். பா, லக், கோ, டு: நாலு பொத்தான். முதல் தடவை கேட்கும்போது ரோபோ பேசுகிற மாதிரி இருக்கும். எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் என் மகன் அடுத்த அறையிலிருந்து, “அப்பா பாலக்கோடுன்னு சொன்னாரு” என்றான்.

தினம் ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம். ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் செய்தால் தசை சோர்ந்துவிடும், அதற்கு மேல் செய்வது தப்பான பழக்கத்தைத்தான் வளர்க்கும். சாயங்காலம் ஆனால் இன்றுவரை பேச்சு கொஞ்சம் கலங்கும். அதனால் முக்கியமான பேச்சை எல்லாம் காலையிலேயே முடித்துவிடுவேன்.

பேச்சே எடுபடாத முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு அட்டை கொடுத்தார். இங்கிலீஷில் இருபத்தாறு எழுத்து போதும், நமக்கு 247 எழுத்துக்கு அட்டை எங்கே போவது? உயிர் 12, மெய் 18, மொத்தம் முப்பது கட்டம் போட்டார். ஒரு சொல்லைச் சொல்லும்போதே அதன் முதல் எழுத்தின் மெய்யைத் தொட வேண்டும். “ப்” தொட்டுக்கொண்டு “மழம்” என்றால் கேட்பவர் பழம் என்று பிடித்துக்கொள்வார். தொட்டுத் தொட்டுப் பேசுவதால் வேகமும் தானாகக் குறையும்.

ழகரம் எனக்கு வரவில்லை என்று ஒரு நாள் மெனக்கெட்டுக்கொண்டிருந்தேன். “முன்னாடி வீட்டுல ஏழுன்னு சொல்வீங்களா, ஏளுன்னு சொல்வீங்களா?” என்று கேட்டார். ஏளுதான். “அப்ப ஏளே போதும். எட்டுன்னு கேட்காம இருந்தா சரி.” அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி பேச வைப்பதற்குத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார், மேடைத் தமிழ் சொல்லிக் கொடுக்க இல்லை. இது எனக்குப் பெரிய நிம்மதி.

முன்னேற்றத்தை அளந்த விதமும் எனக்குப் பிடித்தது. ஐம்பது சொற்களைப் படிக்க வைத்துப் பதிவு செய்து, என்னை முன்பின் தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, என்ன கேட்டதோ அதை எழுதச் சொல்வார். முதலில் 21 சொல். ஏழாம் மாதம் 43. மனைவியிடம் கேட்டால் எல்லாமே புரிகிறது என்பாள். அவள் காது என் குழறலுக்குப் பழகிவிட்டது, அந்தச் சாட்சி செல்லாது. “ஆ” இப்போது 14 விநாடி.

வீட்டில் உள்ளவர்களுக்கும் பாடம் நடந்தது. டி.வி.யை அணைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டக் கூடாது, “கடையில என்னமோ வாங்கணும்னு சொன்னீங்க, என்ன வாங்கணும்?” என்று, புரிந்ததைச் சொல்லிவிட்டுப் புரியாததை மட்டும் கேட்க வேண்டும். நான் முடிப்பதற்குள் வாக்கியத்தை முடித்து வைக்கக் கூடாது. கடைசியது என் தம்பிக்கு இன்னும் வரவில்லை. சத்தமாகப் பேசினால் எனக்குப் புரியும் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பாதி ராத்திரி தூங்காமல் கிடந்தேன். யூனியன் அண்ணன் ஒருவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 என்று ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். அதன் 20ஆவது பிரிவு: அரசு வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் பேச்சும் மொழியும் ஒன்று. சான்றிதழ் உடனே கிடைக்காது, பேச்சு எவ்வளவு திரும்புகிறது என்று சில மாதம் பார்த்த பிறகுதான் மதிப்பிடுவார்கள். எனக்கு இப்போது டெப்போவில் கணக்குப் பக்கம் வேலை.

கைக்குப் பயிற்சி வீட்டுக்கே வந்தது. மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபிக்காரர் வந்தார். 2021 ஆகஸ்ட் 5இல் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். பிரஷர் மாத்திரையும் அதில்தான் வருகிறது, இப்போது ஒரு நாளும் விடுவதில்லை. பேச்சுக்கு மட்டும் நானே வியாழக்கிழமை தோறும் போய் வந்தேன்.

இன்னும் கைகூடாதது போன். முகம் தெரியாது, பொத்தான் தட்டுவது தெரியாது, எதிரில் இருப்பவர் “யாரு, யாரு?” என்று அவசரப்படுவார். அதனால் எடுத்ததும், “எனக்கு வாதம் வந்து பேச்சு மெதுவா வரும், கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நூறு தடவையாவது பழகியிருப்பேன்.

போன வாரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனேன். வாதம் வந்ததிலிருந்து மாஸ்டர் நான் கேட்பதற்கு முன்பே இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை நீட்டிவிடுவார், நானும் பேச வேண்டாமே என்று குடித்துவிட்டு வருவேன். அன்றைக்குத் துணிந்து, “சர்க்கரை இல்லாம” என்றேன். “என்னாண்ணா?” என்றார். மூச்சை எடுத்து, கண்ணாடிப் பெட்டி மேல் விரலால் தட்டி, மறுபடி சொன்னேன். “சர்க்கரை அதிகமாவா?” என்றார். மூன்றாவது தடவை, ஒவ்வோர் அசையாக: சர்க், க, ரை. இல், லா, ம. “அட, இல்லாமலா! ஏழு மாசமா போட்டுக் குடுக்கறேன், முன்னாடியே சொல்றதுக்கென்ன?” என்றார்.