ஒரு பட்டம், இரண்டு அலுவலகங்கள்: சிட்னியில் இசை ஆசிரியர் ஆன கதை

பட்டம் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. வர வேண்டிய நேரத்துக்கு அரை வருடம் தாமதமாக வந்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில் பக்கத்து நம் பிள்ளைகள் சிலர் இப்போது இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஆர்ட்ஸ் பட்டமும் கல்விப் பட்டமும் சேர்ந்த நான்கு வருட இரட்டைப் பட்டம் இது. உயர்நிலைப் பள்ளியில் கற்பிக்க இசை முதல் பாடம், கூட இன்னொன்று. எனக்கு அந்த இன்னொன்று வரலாறு.

படிப்பு அருமை. பாடம் நடத்தியவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தொல்லை முழுக்க இரண்டு பட்டங்களும் ஒட்டுகிற இடத்தில்தான். ஆர்ட்ஸ் பக்கத்து அலுவலகத்துக்குக் கல்விப் பக்கத்து விதி தெரியாது. கல்விப் பக்கத்துக்கு இசை வகுப்புகளின் கால அட்டவணை தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஓடியது நான்.

முதல் முட்டுக்கட்டை ஆடிஷனிலேயே வந்தது. நான் வாசிப்பது கர்நாடக வயலின். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு உருப்படிகள் கேட்டிருந்தார்கள். ஒரு மேற்கத்திய உருப்படியும், மோகன ராகத்தில் ஆதி தாள வர்ணம் ஒன்றும் பதிவு செய்து அனுப்பினேன். உடனே மின்னஞ்சல் வந்தது: இரண்டாவது உருப்படிக்கு அச்சிட்ட இசைத்தாள் இல்லை, எனவே விண்ணப்பம் முழுமையானதல்ல. இந்த இசை அப்படி எழுதி வாசிப்பது அல்ல என்று விளக்கிப் பதில் போட்டேன். அதே வரிகள் அப்படியே திரும்பி வந்தன. படித்துவிட்டு எழுதிய பதில் இல்லை அது.

என் வயலின் டீச்சரிடம் போய் உட்கார்ந்து அழாத குறை. அவர்தான் வழி சொன்னார். வர்ணத்தின் எலும்புக்கூட்டை ஐந்து கோட்டு முறையில் எழுதினேன். அதற்குக் கீழேயே ஸ ரி க ப த என்று சுரக்குறிப்பு. கூடவே ஒரு பக்கக் குறிப்பு: இந்தத் தாளில் இருப்பது சுரங்களின் இருப்பிடம் மட்டும், ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகிற அசைவான கமகம் குருவிடம் கேட்டுக் கற்பது, அதுதான் இந்த இசையின் உயிர். அதை அலுவலகத்துக்கு மட்டும் அனுப்பாமல் இசைத் துறையில் ஆடிஷனுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கும் நகல் போட்டேன். அன்று மாலையே அவரிடமிருந்து அன்பான பதில். ஆடிஷன் நாளில் அந்தக் குறிப்பைப் பற்றித்தான் என்னிடம் அதிகம் கேட்டார்கள். வீணை, மிருதங்கம், பாட்டு என்று நம் வழியில் படித்தவர்கள் யாராவது போவதாக இருந்தால், கேட்பதற்கு முன்பே இப்படி ஒரு தாளைத் தயார் செய்து இணைத்துவிடுங்கள். கேள்வி என்றால் அலுவலகத்தைக் கேட்காதீர்கள், துறையைக் கேளுங்கள்.

வயலின்காரர்களுக்குத் தனியாக ஒன்று. குழு வாசிப்பு கட்டாயம். அங்கே ஜி-டி-ஏ-ஈ சுருதி, நம்முடையது ஸ-ப-ஸ-ப. தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகிய கைக்கு, தாடையில் இடுக்கி வாசிக்க இடது கை வேலையே மாறிப்போகும். ஒரே கருவியில் சுருதியை மாற்றி மாற்றிக் கட்டினால் தந்தி நிற்காது. பழைய வயலின் ஒன்றை இரண்டாவதாக வாங்கிக்கொள்ளுங்கள். பியானோவும் ஓரளவுக்குக் கட்டாயம் வர வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளைகள் பாடும்போது பின்னணி வாசிக்கப் போவது நாம்தான்.

சரி, இனி என் அரை வருடத்தைத் தின்ற விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்திரேலியா முழுக்க ஆசிரியர் படிப்புகளுக்கு ஒரு பொது விதி உண்டு. கற்பிக்கப்போகும் முதல் பாடத்தில் குறைந்தது ஆறு யூனிட் (ஒரு பருவத்தில் படித்து முடிக்கும் பாடப்பிரிவு) படித்திருக்க வேண்டும். அதில் முதல் வருட நிலை யூனிட்டுகள் இரண்டுக்கு மேல் கணக்கில் வராது. மூன்றாம் வருட நிலையில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இரண்டாவது பாடத்துக்கு நான்கு யூனிட், அதிலும் முதல் வருட நிலை இரண்டு வரைதான். இது கல்விப் பக்கத்து விதி. ஆர்ட்ஸ் பட்டத்தில் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், முடிப்பதற்கான விதி அதனுடையது, தனி.

முதல் வருட முடிவில் மாணவர் ஆலோசனை மேசையில் போய்க் கேட்டேன். இசைத் தொழில்நுட்பத்தில் அறிமுக யூனிட் ஒன்று இருக்கிறது, அதை எடுத்தால் இசை மேஜரில் சேருமா என்று. அங்கே இருந்தவர் கணினியைப் பார்த்து, சேரும் என்றார். ஆசிரியர் தகுதிக்கும் சேருமா என்று தனியாகக் கேட்டேன். இசை என்றால் இசைதான், எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்காமல் மின்னஞ்சலிலும் கேட்டு வைத்தேன். ஆம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

மூன்றாம் வருடத்தில் கல்விப் பக்கத்திலிருந்து கணக்குப் பார்த்தார்கள். இசையில் முதல் வருட நிலை யூனிட் மூன்று இருக்கிறது, ஒன்று செல்லாது. மூன்றாம் வருட நிலையில் ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்று வருடத்தில் ஒரு பருவம்தான் நடக்கும், அதுவும் என் கடைசிப் பள்ளிப் பயிற்சி நடக்கும் அதே வாரங்களில். ஆர்ட்ஸ் அலுவலகத்துக்குப் போனால், எங்கள் கணக்கில் உங்கள் மேஜர் முடிந்துவிட்டது, எங்களிடம் பிரச்சினை இல்லை என்றார்கள். கல்வி அலுவலகத்துக்குப் போனால், இசை யூனிட் எல்லாம் ஆர்ட்ஸ் பொறுப்பு என்றார்கள். வளாகத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்த நாட்களில் வகுப்பும் போனது, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் மணி நேரமும் போனது.

ஆலோசனை மேசையை விட்டுவிட்டு, இரண்டு பட்டங்களின் பொறுப்பாளர்களுக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதினேன். கேள்வி கேட்ட தேதி, வந்த பதில், அந்த ஒரு வரி மின்னஞ்சலின் நகல், விதியின் வாசகம், எனக்கு வேண்டிய தீர்வு எல்லாம் ஒரே பக்கத்தில். இருவரையும் ஒரே கடிதத்தில் வைத்ததால் ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வழியில்லாமல் போனது. செல்லாத யூனிட்டை ஆர்ட்ஸ் பக்கத்து விருப்பப் பாடமாக மாற்றிக் கொடுத்தார்கள். தேவைப்பட்ட மூன்றாம் வருட யூனிட்டை அடுத்த முறை நடக்கும்போது எடுக்க இடம் உறுதி செய்தார்கள். கட்டிய கட்டணம் வீணாகவில்லை. ஆனால் என் கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கி வேலைக்குப் போனபோது, நான் ஒரே ஒரு யூனிட்டுக்காக இன்னொரு பருவம் உட்கார்ந்தேன். தவறான பதில் சொன்னவர் பக்கத்திலிருந்து வருத்தம் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

இந்தப் படிப்பில் சேரும் நாளிலேயே ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு யூனிட்டையும் ஆர்ட்ஸ் கணக்கிலும் ஆசிரியர் தகுதிக் கணக்கிலும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். எந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மேசையில் சொல்வது காற்றோடு போய்விடும்.

பள்ளிப் பயிற்சி இளங்கலையில் மொத்தம் 80 நாட்களாவது இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. 2025 ஜூலை முதல் தகுதியுள்ள மாணவர்களுக்கு அரசு பயிற்சி உதவித்தொகை தருகிறது, தொடங்கியபோது வாரம் 331.65 டாலர். அது எனக்குப் பிந்திப்போனது. வருமான வரம்பு உண்டு, முன்கூட்டியே பார்த்து விண்ணப்பியுங்கள். பள்ளிக்கு நான்கு தவணை, பல்கலைக்கழகத்துக்கு வேறு நாட்காட்டி. அதனால் பயிற்சி வாரங்களில் குழு வாசிப்பு ஒத்திகை தவறும். ஒத்திகைப் பொறுப்பாளரிடம் பருவம் தொடங்கும்போதே தேதிகளைக் கொடுத்துவிட்டால் அவர்கள் அனுசரிப்பார்கள்; கடைசி நேரத்தில் சொன்னால் வருகைப் பதிவு கழுத்தைப் பிடிக்கும்.

குழந்தைகளோடு பணிபுரியும் அனுமதிச் சான்று மாணவர்களுக்கு இலவசம், ஐந்து வருடம் செல்லும். வாங்குவது எளிது. எனக்குச் சிக்கல் அதன் பிறகு வந்தது. என் பெயரும் அப்பா பெயரும் பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, பல்கலைக்கழகப் பதிவில் நேர்மாறு. பயிற்சிக்குப் பள்ளி ஒதுக்கும் பிரிவு, இது வேறு ஆள் என்று சொல்லிச் சான்றைத் திருப்பிவிட்டது. தொலைபேசியில் எவ்வளவு சொல்லியும் நம் பெயர் முறை அவர்களுக்குப் பிடிபடவில்லை. பல்கலைக்கழகப் பதிவையே பாஸ்போர்ட்டின்படி மாற்றிய பிறகுதான் தீர்ந்தது, அதற்குள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கைவிட்டுப் போய் வேறு மூலையில் ஒன்று கிடைத்தது. தினமும் இருட்டில் ரயில். இனிஷியல் வைத்த பெயர்க்காரர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே எல்லாப் பதிவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேலைக்குச் சேரும்போது இந்த இலவசச் சான்று போதாது, கட்டணம் கட்டிச் சம்பள வேலைக்கானதாக மாற்ற வேண்டும்.

மொழி, எண்ணறிவுத் தேர்வான லான்டைட்டை முதல் வருடத்திலேயே எழுதி முடித்துவிட்டேன். இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 65 கேள்வி, இரண்டு மணி நேரம். எண்ணறிவில் ஒரு பகுதிக்குக் கால்குலேட்டர் கிடையாது, அதை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். தேறாமல் பட்டம் வாங்க முடியாது.

அந்தத் தூரத்துப் பள்ளிதான் எனக்கு நல்ல நாட்களையும் கொடுத்தது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏழு, எட்டாம் வகுப்பில் எல்லோருக்கும் நூறு மணி நேர இசை கட்டாயம். விருப்பமில்லாத பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். எட்டாம் வகுப்பு ஒன்றில் தாளம் பற்றிய பாடத்துக்கு, தாளத்தை வாயால் சொல்லும் சொல்கட்டைச் சொல்லிக் கொடுக்க என்னை விடும்படி கேட்டேன். வழிகாட்டி ஆசிரியர் தயங்கினார். பாடத்திட்டத்தில் இருக்கும் கால அளவு என்ற கருத்துக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று எழுதிக் கொடு, பார்க்கலாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. முதலில் வாயால், அப்புறம் கைதட்டி, அப்புறம் மேசையில். பின் வரிசையில் எப்போதும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கும் பையன் ஒருவன் இரட்டை வேகத்தில் சொல்லிக் காட்டினான், ஒரு இடம்கூடப் பிசகவில்லை. அடுத்த வாரமும் இதையே தொடரச் சொன்னார் வழிகாட்டி. என் கடைசி வருடக் கற்பித்தல் மதிப்பீட்டுக்கும் அந்தப் பாட வரிசையைத்தான் கொடுத்தேன். அந்த மதிப்பீட்டுக்கு மாணவர் வேலைகளின் மாதிரி இணைக்கப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். பயிற்சியின் முதல் நாளிலேயே படிவத்தைக் கொடுத்தனுப்புங்கள், திரும்பி வரவே வாரக்கணக்கில் ஆகும்.

பல்கலைக்கழகக் கணக்கு மூடுவதற்கு முன் எல்லா யூனிட்டுகளின் பாடத்திட்டக் கோப்புகளையும் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளிக்கு விண்ணப்பித்தால் எந்தெந்தப் பாடம் கற்பிக்கலாம் என்பதை நாம் படித்த யூனிட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். எனக்கு இசை, வரலாறு இரண்டுக்கும் அனுமதி வந்துவிட்டது. இப்போது மேற்குச் சிட்னிப் பள்ளி ஒன்றில் தற்காலிகமாகப் போய்க்கொண்டிருக்கிறேன், வாரத்தில் பாதி நாள் இசை, மீதி நாள் வரலாறு.