பழைய செரோக்கி ஜீப்பில் ஏசியைக் கழற்றுவது

4.0 லிட்டர் என்ஜின் உள்ள எக்ஸ்ஜே மாடல் செரோக்கியில் ஏசி கம்ப்ரஸர் ஜாம் ஆகிவிட்டதா? ஏசியே வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஆனால் ஸ்பேனரை எடுத்ததும் பைப்பைத் திறக்காதீர்கள். உள்ளே பிரஷரில் கேஸ் இருக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஏசி மெக்கானிக்கிடம் போய் அந்த கேஸை ரெக்கவரி மெஷினில் இழுத்துவிட்டு வாருங்கள். அமெரிக்காவில் பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-12 வாயுவைக் காற்றில் திறந்துவிடுவது 1992 ஜூலையிலிருந்தே சட்டவிரோதம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு கம்ப்ரஸர், ஹோஸ், டிரையர் (ஈரம் உறிஞ்சும் டப்பா), கண்டென்ஸர் (ஏசி கேஸைக் குளிர்விக்கும் பாகம்) என்று எடுங்கள். கண்டென்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால், இழுக்கும்போது ரேடியேட்டரின் ஃபின்கள் (மெல்லிய தகடுகள்) மடங்கும். நடுவில் ஒரு அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் ஃபேனில் கை வைக்க வேண்டாம், என்ஜின் சூடானாலும் அது ஓடும்.

பலர் தடுமாறுவது பெல்ட்டில். ஆல்டர்னேட்டர், ஸ்டியரிங் பம்ப், வாட்டர் பம்ப், கம்ப்ரஸர் எல்லாவற்றுக்கும் ஒரே பெல்ட். கம்ப்ரஸர் இருந்த இடத்தில் ஐட்லர் புல்லி (எதையும் இயக்காமல் சும்மா சுற்றும் சக்கரம்) போட்டால் பாதை மாறாது, அதுதான் நிம்மதி. ஐட்லர் இல்லாமல் சின்ன பெல்ட்தான் போடுவதென்றால் ஒரு கயிற்றைப் புல்லிகள் மேல் ஓட்டி அளந்து வாங்குங்கள். 1991-க்குப் பிந்தைய வண்டியில் பெல்ட்டின் முதுகுதான் வாட்டர் பம்பைச் சுற்ற வேண்டும். பல் பக்கம் பட்டால் பம்ப் தலைகீழாகச் சுற்றி என்ஜின் கொதிக்கும்.

எவாப்பரேட்டரை (டேஷ்போர்டுக்குள் காற்றைக் குளிரவைக்கும் பாகம்) உள்ளேயே விட்டுவிடுங்கள். அதற்காக டேஷ்போர்டு முழுக்கக் கழற்றுவது வீண் வேலை. ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) நீட்டிக்கொண்டிருக்கும் பைப் முனைகளுக்கு மட்டும் மூடி போடுங்கள்.

ஒன்று, ஈரத்தை இழுக்க ஏசி இல்லாததால் மழைக்காலத்தில் கண்ணாடிப் பனி முன்புபோல சட்டென்று விலகாது.