விஷமம் என்றொரு சொல்

உளவியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் ஓர் ஆய்வுத் திட்டம் செய்தாக வேண்டும். நான், கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னை விவசாயிகளின் மன அழுத்தத்தை அளக்கப் போவதாக எழுதிக் கொடுத்தேன். ஷெல்டன் கோஹனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1983இல் வெளியிட்ட அழுத்த அளவுகோலின் பத்துக் கேள்வி வடிவத்தை அதற்காகத் தேர்ந்தெடுத்திருந்தேன். கடந்த ஒரு மாதத்தில் இன்னது உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி நேர்ந்தது என்று ஒவ்வொரு கேள்வியும் கேட்கும்; ஒருபோதும் இல்லை என்றால் 0, மிக அடிக்கடி என்றால் 4. ஆங்கிலத்தில் இருப்பதை நீயே தமிழாக்கு, பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல், இரண்டையும் ஒப்பிட்டுப் பார் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலாகப் புழங்குகிற முறை இது.

முதல் கேள்வி, எதிர்பாராமல் நடந்த ஒன்றால் மனம் வருந்தியதைப் பற்றியது. பேச்சுவழக்கில் இருக்க வேண்டும் என்ற ஆசையில், ‘திடீரென்று நடந்த காரியத்தால் எத்தனை முறை உங்களுக்கு விஷமம் ஆனது?’ என்று எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் யாராவது இறந்துபோனால் விஷமம், விளைச்சல் போனால் விஷமம், பிள்ளை தேர்வில் தோற்றால் விஷமம். மதுரையிலிருந்து வந்து என்னோடு விடுதியில் தங்கியிருந்த தோழியிடம் தாளைக் கொடுத்தேன். திரும்பி வந்த ஆங்கிலத்தில், திடீர் நிகழ்வுகளைத் தொடர்ந்து எத்தனை முறை குறும்பு செய்தீர்கள் என்று அறுபது வயது விவசாயிகளை நான் விசாரித்திருந்தேன்.

நான் பேசுவது மலையாளம் கலந்த தமிழ் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. துயரத்துக்கு விஷமம் என்பது மலையாள வழக்கு. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் அதே சொல் பிள்ளைகளின் சேட்டையைக் குறிக்கும். இருபது வருடங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் பேருந்தில் போய்வந்த எனக்கு இது ஒருமுறைகூட இடறியதில்லை. கேள்வித்தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் இடறியது.

பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனவள் நான். 2024இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வருவதற்கு முந்தைய மூன்றாண்டு முறை எங்களுடையது. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும், ஆசிரியர் மலையாளத்தில் விளக்குவார், நான் நோட்டில் தமிழ் எழுத்தில் எடுத்துக்கொள்வேன். கவனம் பற்றிய பாடம் நடக்கும்போது ஆசிரியர் ‘ஸ்ரத்த’ என்பார். அது தமிழில் சிரத்தையாகிவிட்டால் பொருள் ஈடுபாட்டின் பக்கம் சாய்ந்துவிடும். நினைவு என்பதற்கு அவர் ‘ஓர்ம்ம’ என்பார். நான் ஓர்மை என்று எழுதிவைத்து, தேர்வுக்கு முந்தின இரவு படிக்கும்போது அது மன ஒருமைப்பாடோ என்று குழம்புவேன். மறதியை மட்டும் அவர் ‘மறவி’ என்றபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அது ‘நெடுநீர் மறவி மடிதுயில்’ என்று வள்ளுவர் எழுதிய அதே சொல். பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தன்னையே அளந்து 1885இல் வெளியிட்ட எபிங்ஹாஸ், ஆகவே, என் நோட்டில் மறவி என்ற தலைப்பின் கீழ் இருக்கிறார்.

இந்தப் படிப்பைப் பற்றி வெளியில் உள்ளவர்களுக்கு இருக்கிற எண்ணம் வேறு. என்னைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது என்று கேட்காத உறவினர் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் எங்களை வாட்டியதோ புள்ளியியலும் உடலியங்கியலும்தான். சராசரி, திட்ட விலக்கம், டி சோதனை என்று போகும். அந்த டி சோதனையை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட கோசெட், கின்னஸ் பியர் ஆலையில் வேலை பார்த்தவர் என்று அப்பாவிடம் சொன்னேன். எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் கள்ளு இறக்கக் குத்தகைக்கு விட்ட மரங்கள். “அப்படீன்னா நம்ம தொழில்தான்” என்று அவர் மிகவும் திருப்தியடைந்தார்.

செய்முறை வகுப்புதான் எனக்குப் பிடித்தமானது. இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுவார்கள். ஒருவர் சோதிப்பவர், மற்றவர் சோதிக்கப்படுபவர், அடுத்த வாரம் மாறிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் தெரிகிற நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே பென்சிலை ஓட்டும் சோதனையில் என் கை மூலைக்கு மூலை முரண்டு பிடித்து நின்றது. ஸ்ட்ரூப் 1935இல் வெளியிட்ட சோதனையை விடுமுறைக்கு வீட்டுக்கே கொண்டுபோனேன். சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதியிருப்பார்கள். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்தவரால் படிக்காமல் இருக்க முடியாது என்பதால் நாக்கு தடுமாறும். நான் ஸ்கெட்ச் பேனாவில் தமிழில் ஓர் அட்டை, மலையாளத்தில் ஓர் அட்டை செய்தேன்.

அப்பா மலையாளவழியில் படித்தவர், தமிழும் வாசிப்பார். அவர் இரண்டு அட்டைகளிலும் திணறினார். அம்மா பொள்ளாச்சியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மலையாளம் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவார், ஆனால் எழுத்து தெரியாது. தமிழ் அட்டையில் மூன்றாவது சொல்லிலேயே சிக்கிக்கொண்டு தன்னையே திட்டிக்கொண்ட அம்மா, மலையாள அட்டையைக் கையில் வாங்கியதும் சிவப்பு, நீலம், பச்சை, பச்சை, மஞ்சள் என்று கடகடவென்று ஓட்டினார். ‘நீலம்’ இரண்டு மொழியிலும் ஒரே சொல்தான். எழுத்து மாறியதும் அதுவும் அவருக்கு வெறும் நிறமாகிவிட்டது. “எனக்கு இதெல்லாஞ் சிக்குக்கோலந்தானே கண்ணு, படிக்கத் தெரிஞ்சாத்தானே தடுமாறறதுக்கு” என்றார். ஸ்ட்ரூப் விளைவுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. இத்தனை காலமாகப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல் நடத்துநரிடம் கேட்டுக் கேட்டு ஏறுகிற அம்மாவுக்கு, எழுத்தறியாமை ஒருநாளாவது வெற்றி கொடுத்ததே என்று எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் விஷமமும். இரண்டாவது சொல்லை எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பொருளில் கொள்க.

எங்கள் பாடத்தில் எல்லாம் 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வுண்ட் அமைத்த உளவியல் ஆய்வகத்திலிருந்து தொடங்கும். இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பது ஒரு வரி. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரியில், ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1901–02இலேயே தோடர்களிடம் முல்லர்–லையர் கோடுகளைக் காட்டிச் சோதித்திருக்கிறார் என்பதை நூலகத்தில் தற்செயலாகத்தான் படித்தேன். நுனியில் அம்புமுனை உள்ளே பார்த்த கோடும் வெளியே பார்த்த கோடும் சம நீளமாக இருந்தும் ஒன்று நீளமாகத் தெரிகிற அந்த மாயத்தில், ஆங்கிலேயரைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். நாங்கள் ஆய்வகத்தில் அதே கோட்டைப் பலகையில் நகர்த்தி நகர்த்திப் பிழையின் சராசரியைப் பதிவேட்டில் எழுதி மதிப்பெண் வாங்கினோம், மனிதக் கண் இப்படித்தான் என்று முடிவும் எழுதினோம். எந்த மனிதரின் கண் என்று எங்களை யாரும் கேட்கவில்லை. உளவியல் ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டு மக்களை வைத்தே செய்யப்பட்டவை என்று ஹென்ரிக் முதலிய மூவர் 2010இல் எழுதிய கட்டுரையைப் பிறகு படித்தேன். அந்த ஒரு கட்டுரையை முதல் பருவத்திலேயே வைத்திருந்தால், மற்றவற்றை வேறு கண்ணோடு படித்திருப்போம் என்பது என் கருத்து.

விஷமத்துக்குப் பதிலாக ‘மனசு சங்கடப்பட்டது’ என்று மாற்றினேன். சங்கடம் மலையாளத்தில் துக்கத்தின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கும். இம்முறை தோழியின் ஆங்கிலத்தில் குறும்பு வரவில்லை. பிறகு தோப்பு தோப்பாகப் போனேன். ஒரு வீட்டில் மகன் இரவெல்லாம் தூங்குவதில்லை என்று ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் சிகிச்சை சொல்லக் கூடாது, அதற்கு மேற்படிப்பும் இந்தியப் புனர்வாழ்வுக் குழுமத்தின் பதிவும் வேண்டும் என்று விளக்கிவிட்டு, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம் என்று அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுத்தேன். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

கேள்விகளில் நான்கு, நல்லது நடந்ததைக் கேட்பவை; அவற்றின் மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்றிக் கூட்ட வேண்டும். ஐந்தாவது கேள்வி அதில் ஒன்று. காரியங்கள் நீங்கள் நினைத்தபடியே நடக்கின்றன என்று எத்தனை முறை தோன்றியது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழகம் மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும். எங்கள் ஊர்த் தோப்புகள் அந்தத் தண்ணீரை நம்பி இருப்பவை. அவர் கொஞ்ச நேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆளியாத்துல தண்ணி உட்டா நாலுன்னு போட்டுக்க அம்மிணி, உடலீன்னா சைபர் போட்டுக்க.”

ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லுங்கள் ஐயா என்றேன். “அத நீ அணைக்காரங்ககிட்டத்தான் கேக்கோணும்” என்றார். ஒரு கேள்விக்கு விடையில்லாததால் அவருடைய தாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். சேர்க்கவில்லை. அறிக்கையைத் தைக்கக் கொடுத்தபோது, அந்தத் தாளைக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் வைத்துத் தைக்கச் சொன்னேன்.