ஏறத்தான் பயந்தேன்

ஜூலை 21, 2024, ஞாயிறு

பணம் கட்டியாகிவிட்டது. அக்டோபர் 20, ஏற்காடு, ஹாஃப் மாரத்தான். இன்னும் சரியாகப் பதின்மூன்று வாரம்.

இதுவரை நான் ஓடியதில் அதிகம் 10 கிலோமீட்டர். அதுவும் கன்னங்குறிச்சி, மூக்கனேரிப் பக்கம், சமதரையில், நாய்களுக்குப் பயந்து. வயது 43. வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பது.

ஹாஃப் என்றால் 21.0975 கிலோமீட்டர். அந்த 97.5 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓட்டத்தை வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரில் முடித்தார்களாம். அப்படி வந்ததுதான் முழு மாரத்தானின் 42.195, அதில் பாதி இது. ராணியம்மா உட்கார்ந்த இடத்துக்காகச் சேலத்துக்காரி இன்னொரு தெரு ஓட வேண்டியிருக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். "ஏற்காட்டுக்கா? பஸ் இல்லையா?" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்று ஆடிப்பெருக்கு. சித்ரான்னம் வகைக்கு ஒன்று சாப்பிட்டதில் வயிறு இன்னும் கனம். ஆனாலும் போனேன்.

முதல்முறையாக மலைப்பாதை. ஏற்காட்டுக்கு ஏற இருபது கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, நான்கு கிலோமீட்டர் ஏறினேன். முதல் கிலோமீட்டரிலேயே மூச்சு தொண்டைக்கு வந்துவிட்டது. எங்கள் காலைக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற பி.டி. சார் ஒருவர் உண்டு. அவர் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "வாட்ச்சைப் பார்க்காதீங்கம்மா. ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியுதா, அதைப் பாருங்க." நான் பேசிப் பார்த்தேன். கேட்டது குரங்குகள்தான். ஒன்று என் இடுப்புப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே இரண்டு பேரீச்சம்பழம்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார். மேலே போனதும் ஏற்றிக்கொண்டு கீழே கொண்டுவந்துவிட்டார். இறங்கும்போது பஸ்ஸும் காரும் வளைவில் திடீரென்று வரும், ஓட வேண்டாம் என்றார். நியாயம்தானே. கஷ்டமான பாதி முடிந்தது, சுலபமான பாதி எதற்கு என்று எனக்கும் தோன்றியது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஏற்றம் 6 கிலோமீட்டர். ஸ்கூட்டரில் இறங்கி, அடிவாரத்திலிருந்து வீடு வரை இன்னொரு 6. மொத்தம் 12.

வளைவுகளில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் ஏற்றம் கொஞ்சம் குறைவு. தூரம் கூடினாலும் வெளிப்பக்கமே காலுக்கு இதம். ஆனால் எதிரே வண்டி வந்தால் உள்ளேதான் ஓடி வர வேண்டும்.

ரொம்பச் செங்குத்தான இடத்தில் நடந்தேன். காரில் போன ஒருவர் கண்ணாடியை இறக்கி, "என்னக்கா, டயர்டா?" என்றார். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து வாட்ச்சைப் பார்த்தால், நடந்த இடத்துக்கும் திக்கித் திணறி ஓடிய இடத்துக்கும் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. நாடித்துடிப்பு மட்டும் 15 குறைவு. இனி நடக்கிற இடத்தில் நடப்பேன். கார்க்காரர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

14 கிலோமீட்டர். நேற்றைய கொழுக்கட்டை மீதம் இரண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஓடுபவர்கள் தெம்புக்குச் சாப்பிடக் கடையில் விற்கும் ஜெல்லைவிட எனக்கு இதுதான் ஒத்துவருகிறது. வெல்லமும் மாவும்தானே, வேறென்ன?

அத்தை சின்ன வயதில் ஏற்காட்டு எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் ஆரஞ்சுக் கூடையைத் தலையில் வைத்துக் குறுக்குப் பாதையில் கீழே வருவார்களாம். காலை நீவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏர்றது நெஞ்சு பாத்துக்கும் கண்ணு. எறங்கறப்ப முட்டிய விறைக்காம, குட்ட குட்டயா வெச்சு வரணும்" என்றார். சரி அத்தை என்றேன். மனசில் ஏறவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பஸ்ஸில் மேலே போய்ப் பாதையைப் பார்த்து வந்தோம். ஏரிக்கரையில் தொடக்கம். அங்கிருந்து சேர்வராயன் கோயில் வரை ஏற்றம், ஆறு கிலோமீட்டருக்குள். அதே வழியில் ஊருக்கு இறங்கி, அப்புறம் நாகலூர் ரோட்டில் மேடும் பள்ளமுமாகப் போய்த் திரும்ப வேண்டும்.

சேலம் எங்கே, ஏற்காடு எங்கே. ஊரின் உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர் என்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நடக்கும்போது தெரியவில்லை. கோயில் ஏற்றத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், தெரிந்தது.

வழியெல்லாம் காப்பித் தோட்டம். மேலே நிழலுக்குச் சில்வர் ஓக், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இது. கோயில் மலை உச்சியில், ஒரு குகைக்குள். குனிந்துதான் போக வேண்டும். அந்தக் குகை தலைக்காவேரி வரை போகிறது என்று ஒரு நம்பிக்கை. ஓட்டத்தன்று இங்கே வரும்போது எனக்குக் குனிய முடியுமா என்பதே கேள்வி. வெளியிலேயே கும்பிட்டுக்கொள்ளலாம் என்று சாமியிடம் இப்போதே அனுமதி வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று பி.டி. சார் எதேச்சையாகக் கேட்டார்: "இறக்கம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கீங்க?"

ஸ்கூட்டர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஷூ லேஸைக் கட்டினார். அவர் அப்படிக் கட்டினால் கோபம் என்று அர்த்தம். "லாரிக்காரன் மலை இறங்கும்போது நியூட்ரல்லயா வர்றான்? கியர்லதானே வர்றான்? உங்க தொடைதான் அந்த கியர். அதுக்கு ஒரு நாள்கூட வேலை கொடுக்கல."

இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நானும் சாரும் இன்னும் இரண்டு பேரும் வரிசையாக ஓரத்திலேயே 4 கிலோமீட்டர் இறங்கினோம். மூச்சு வாங்கவே இல்லை. பேசிக்கொண்டே வந்தோம். இதற்கா இத்தனை பயமுறுத்தல் என்று நினைத்தேன்.

அக்டோபர் 9, புதன்

பட்டறையில் தரையில் உட்கார்ந்து கொலுசு எடை பார்க்க வேண்டும்; தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது. உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கொலுசுக்குப் பொடி வைக்கும் பெண்கள் இருவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வலியும் இல்லை. சாரிடம் போனில் கேட்டேன். ஏறும்போது தசை சுருங்கி நம்மைத் தள்ளுகிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை இழுபட்டு நீண்டுகொண்டே உடம்பு எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. சக்தி குறைவாகத்தான் செலவாகும், அதனால் நெஞ்சுக்குச் சுகம். ஆனால் தசை நாரில் நுண்ணிய காயங்கள் விழும். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். நல்ல செய்தியும் ஒன்று சொன்னார்: ஒரு தடவை அடிபட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அவ்வளவு அடிபடாது. "இப்ப வாங்கிட்டது நல்லதுதான். ஆனா ஆகஸ்ட்லயே வாங்கியிருக்கணும்."

வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், நல்லதுக்குத்தானே செய்தார்.

அக்டோபர் 19, சனி, ஏற்காடு

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. மதியத்திலிருந்து தூறல், ஐந்து மணிக்கே மூடுபனி. அத்தையும் வந்திருக்கிறார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு மலை ஏறுகிறாராம். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ஜன்னல் பக்கம் விரல் நீட்டினார்; எனக்குப் பனிதான் தெரிந்தது.

பிப் நம்பரை, அதாவது ஓட்டத்துக்கான எண் அட்டையை, சட்டையில் நான்கு ஊக்கால் குத்தியாயிற்று. இரவு தயிர்சாதம். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

முடித்துவிட்டேன். 3 மணி 3 நிமிஷம் 40 விநாடி. கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கெடு, மூன்றரை மணி.

ஆறு மணிக்குத் தொடக்கம். ஏரி இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. முதல் ஒரு கிலோமீட்டர் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டேன். ஏற்றத்தில் செங்குத்தான இடமெல்லாம் கை வீசி நடந்தேன். தாண்டியவர்களில் பாதிப் பேரை நான்காவது கிலோமீட்டரில் மறுபடி பார்த்தேன், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்கள். கோயில் திருப்பத்துக்கு 54 நிமிஷம். மூன்று மாதமாக நான் பயந்த ஏற்றம் இவ்வளவுதான். சொன்னபடி வெளியிலிருந்தே கும்பிட்டேன்.

அங்கேதான் புத்தி கெட்டது. ரோடு கீழே போகிறது, காற்று குளிர்ச்சி, கால் தானாகப் போகிறது. கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 20 விநாடி! சமதரையிலேயே எனக்கு ஏழரை நிமிஷம். யாரோ ஒரு தம்பி "சூப்பர்க்கா!" என்று கத்தினார். அது போதாதா? ஈர ரோட்டில் முட்டியை விறைத்து, எட்டி எட்டி வைத்து, குதிகாலால் தட்டிக்கொண்டே இறங்கினேன். அத்தை சொன்னது எதுவோ, அதற்கு நேர் எதிர். ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் ஷூவின் முன்பக்கம் இடித்தன. கடைசி ஓட்டையில் லேஸைக் கோத்துக் கணுக்காலை இறுக்கியிருந்தால் பாதம் முன்னால் சறுக்கியிருக்காது. அதுவும் சார் சொன்னதுதான்.

ஊருக்குள் வரும்போது 12 கிலோமீட்டர், 1 மணி 32 நிமிஷம். மிதப்பு.

15-ஆவது கிலோமீட்டரில், நாகலூர் ரோட்டில், ஒரு சின்னப் பள்ளம். பாலத்துக்கு இறங்குகிற மாதிரி, இருபது மீட்டர் இருக்குமா? இறங்கும்போது இரண்டு தொடையும் ஒரேயடியாக வேலைநிறுத்தம் செய்தன. சுளுக்கு இல்லை, பிடிப்பு இல்லை. மூச்சு நன்றாக இருக்கிறது, பாட்டுக்கூடப் பாடலாம். கால் மட்டும் மடங்கினால் நிமிர மாட்டேன் என்கிறது. தண்ணீர் வைத்திருந்த இடத்தில் ஓ.ஆர்.எஸ். இரண்டு டம்ளர் குடித்தேன். உப்பையும் நீரையும் குடல் வேகமாக உறிஞ்சத்தான் அதில் சர்க்கரை, எல்லாம் தெரியும். தாகத்துக்கு அது மருந்து. நான் உடைத்துக்கொண்ட தொடைக்கு அது என்ன செய்யும்?

மிச்சம் ஆறு கிலோமீட்டர் ஒரு விசித்திரமான ஓட்டம். மேடு வந்தால் சந்தோஷம், ஓடினேன். பள்ளம் வந்தால் பக்கவாட்டில், நண்டு மாதிரி இறங்கினேன். மேட்டில் நான் தாண்டுபவர்கள் எல்லாரும் பள்ளத்தில் என்னைத் தாண்டினார்கள். மஞ்சள் டீ-சர்ட் போட்ட ஒரு அம்மாவும் நானும் இப்படி ஆறேழு முறை மாறி மாறித் தாண்டி, கடைசியில் சிரித்துவிட்டோம். அவர் குட்டை குட்டையாக அடி வைத்துத்தான் இறங்கினார். பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

ஏரிக்கரை வந்ததும் ஒலிபெருக்கி, கைதட்டல், கழுத்தில் மெடல். இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரம் எங்க போன?" என்றார். சேர்வராயன் கோயில், அப்புறம் நாகலூர்ப் பக்கம் என்றேன். "நாங்க கூடையோட போயிட்டு வந்துருவோம்" என்று சொல்லி ஒரு பஜ்ஜியை நீட்டினார்.

அக்டோபர் 22, செவ்வாய்

வலது கால் பெருவிரல் நகம் கறுப்பு. எப்படியும் விழும் என்கிறார் சார்.

ஆனால் தொடை, அக்டோபர் 9 அளவுக்கு இல்லை. அந்த 4 கிலோமீட்டர் வீண்போகவில்லை. பட்டறையில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையை மட்டும் ஊன்றி நானே எழுந்தேன். மாடிப்படி மட்டும் இன்னும் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். கீழே நின்றிருந்த அத்தை ஒவ்வொரு படிக்கும் எண்ணிக்கொண்டே இருந்தார். பதினான்கு.