நவம்பர் 30-க்குப் பிறகு வருகிறவர்கள்

கலிஃபோர்னியாவின் 58 கவுன்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றில், கவுன்டியை நிர்வகிக்கும் போர்டு ஆஃப் சூப்பர்வைசர்ஸின் கிளார்க் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து சூப்பர்வைசர்கள் கூடும் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் போடுவது, நடவடிக்கைக் குறிப்பெழுதுவது, பேச வருகிறவர்களின் சீட்டை வாங்குவது ஒரு பாதி. மறு பாதி சொத்து வரி மேல்முறையீடு. தன் வீட்டுக்கு அசெசர், அதாவது வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அதிகாரி, போட்ட மதிப்பு அதிகம் என்று நினைப்பவர் மனுவை எங்களிடம்தான் கொடுக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட ஒரு வாரியம் அதை விசாரித்து முடிவு சொல்லும்.

கவுன்டரில் நான் அதிகம் கேட்டிருக்கும் புகார், "பக்கத்து வீட்டுக்காரர் என் வரியில் பாதிகூடக் கட்டுவதில்லை" என்பது. பெரும்பாலும் அது உண்மைதான். 1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய ப்ரொபசிஷன் 13 என்ற சட்டத்திருத்தம், அடிப்படை வரியை மதிப்பில் 1 சதவீதமாக நிறுத்தியது. அந்த மதிப்பு என்பது பெரும்பாலும் வீடு கைமாறியபோது இருந்த விலை. அதற்குப் பிறகு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் அது ஏறக்கூடாது. ஒரே தெரு, ஒரே அளவு வீடு, ஒரே பள்ளிக்கூடம். ஆனால் 1980-இல் வாங்கியவருக்கு ஒரு வரி, போன வருடம் வாங்கியவருக்கு வேறு வரி. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் 1988-இல் 1,70,000 டாலருக்கு வீடு வாங்கிய ஸ்டெஃபனி நார்ட்லிங்கர் இதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார். அண்டை வீட்டார் சிலர் கட்டியதைப் போல ஐந்து மடங்கு அவருக்கு வந்திருந்தது. 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், அது செல்லும் என்றது. ஆக, கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அநியாயம் என்கிறார், நானும் மனசுக்குள் ஆமாம் என்கிறேன். ஆனால் அதைத் தீர்க்கும் அதிகாரம் எனக்கும் இல்லை, வாரியத்துக்கும் இல்லை. ஜனவரி 1-ஆம் தேதி அந்த வீட்டின் சந்தை விலை அசெசர் போட்ட மதிப்பைவிடக் குறைவா என்பதுதான் பெரும்பாலும் அங்கே கேள்வி.

சட்டமே சமமாக இல்லாத இடத்தில் அலுவலகம் கொடுக்கக்கூடிய நியாயம் என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். அது பார்ப்பதற்குக் கருணை மாதிரி இருக்காது.

மனு கொடுக்கும் காலம் ஜூலை 2-இல் தொடங்கும். கவுன்டியைப் பொறுத்து செப்டம்பர் 15 அல்லது நவம்பர் 30-இல் முடியும். எங்களுக்கு நவம்பர் 30. தபாலில் அனுப்பினால் அஞ்சல் முத்திரைத் தேதிதான் கணக்கு. சில விதிவிலக்குகள் தவிர, தேதி தாண்டிய மனுவை விசாரிக்க வாரியத்துக்கே அதிகாரம் கிடையாது. டிசம்பர் முதல் வாரம் இதனாலேயே எனக்குப் பிடிக்காது. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்று சொல்லிக்கொண்டு ஒரு வயதான அம்மா வந்து நிற்பார். பொய் சொல்கிற முகமாக இருக்காது. அன்று உள்ளே வந்த மற்ற தபால்களோடு அந்தத் தாளையும் சேர்த்துவிடலாமே என்று புதிதாக வந்த ஊழியர்கள் கேட்பார்கள். கூடாது என்று நான் சொல்வதற்குக் காரணம், இப்படிப்பட்ட இரக்கம் யாரிடம் போய்ச் சேரும் என்று பார்த்திருக்கிறேன். பேசத் தெரிந்தவருக்கும், சூப்பர்வைசர் அலுவலகத்தில் ஆளைத் தெரிந்தவருக்கும், வேலை நாளில் நேரில் வந்து நிற்க முடிந்தவருக்கும்தான் அது கிடைக்கும். தேதி போய்விட்டது என்று நோட்டீஸைப் படித்துப் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவருக்குக் கிடைக்காது. அவரை யாரும் கவுன்டரில் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

அதற்காக முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த அம்மாவை உட்காரவைத்து, அடுத்த ஜூலையில் கொடுக்கலாம் என்று சொல்லி, படிவத்தில் எங்கெங்கே எழுத வேண்டும் என்று காட்டுவதற்குப் பத்து நிமிஷம் போதும். மறுப்பதை மரியாதையாக மறுப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

நம்மவர்கள் விஷயம் தனி. பொங்கல் விழாவில் இலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தம்பி வந்து, "அக்கா, நீங்க அங்கதானே இருக்கீங்க, நம்ம கேஸ் வருது, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார். அவர் லஞ்சம் எதுவும் பேசவில்லை. ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தெரிந்த ஆள் இல்லாமல் நுழையாதே என்று வளர்ந்தவர். அந்தப் பழக்கத்தில் கேட்டார். நானும் அப்படி வளர்ந்தவள்தான். கவுன்டரில் எல்லோருக்கும் கொடுக்கும் தாளில் இருப்பதை மட்டும் அவரிடம் சொன்னேன். மறுநாள் மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்தக் கோப்பை வேறொருவர் கைக்கு மாற்றிவிட்டேன். விசாரணைக்கு வெளியே வாரிய உறுப்பினரிடம் வழக்கைப் பற்றி மனுதாரரும் பேசக்கூடாது, அசெசர் தரப்பும் பேசக்கூடாது. உறுப்பினரே தன் வீட்டுக்கு மனுப் போட்டால் அவருடைய சகாக்கள் அதை விசாரிக்க முடியாது. அந்தக் கவுன்டியின் தலைமை நீதிபதி நியமிக்கும் வேறு மூவர்தான் விசாரிப்பார்கள். தம்பிக்கு இதெல்லாம் சொன்னபோது கொஞ்சம் முகம் வாடியது.

நெறிமுறை விதிகளில் சில சிரிப்பை வரவழைக்கும். முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் ஆண்டுதோறும் படிவம் 700 நிரப்பித் தங்கள் பங்குகளையும் வருமானத்தையும் வந்த பரிசுகளையும் காட்ட வேண்டும். ஒருவரிடமிருந்து ஓராண்டில் வாங்கக்கூடிய பரிசுக்கு மாநிலம் வைத்திருக்கும் உச்சவரம்பு 2025-26-க்கு 630 டாலர். எங்கள் அலுவலகம் அதைவிடக் கறார். மனுதாரர் ஒருவர் கொண்டுவந்த ஸ்வீட் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தபோது, நான் அவரை அவமானப்படுத்திவிட்டதாக அவர் நினைத்திருப்பார்.

போர்டு கூட்டத்துக்கு வருகிறேன். மோடெஸ்டோ சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் பெயரில் 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி, 72 மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும். பொதுமக்களைப் பேச விட வேண்டும். பெயர் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது. போர்டைத் திட்டுகிறார் என்பதற்காக ஒருவரைத் தடுக்கக்கூடாது. எங்கள் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிஷம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறவருக்குக் குறைந்தது இரட்டிப்பு நேரம். எனக்குப் பிடித்த விதி இது.

கண்ணியம் குறைந்துவிட்டது என்ற புலம்பல் அதிகாரிகள் மத்தியில் இப்போது நிறையக் கேட்கிறது. கோவிட் நாட்களில் சுகாதார அதிகாரிகள் வீடு வரை மிரட்டப்பட்டார்கள். அது குற்றம், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மைக்கில் ஒருவர் எங்களைத் திருடர்கள் என்பது குற்றமில்லை. சாந்தா குரூஸ் நகர மன்றத்தில் ஒருவர் நாஜி சல்யூட் அடித்ததற்காக வெளியேற்றப்பட்ட வழக்கில், உண்மையாகவே கூட்டம் குலைந்தால்தான் வெளியேற்றலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010-இல் சொன்னது. 2023 முதல் நடைமுறையில் உள்ள சட்டமும், பெரும்பாலும் முதலில் எச்சரித்து, அதற்கும் அடங்காவிட்டால்தான் வெளியே அனுப்பு என்கிறது. எனக்கு இதில் முழுச் சம்மதம். பேச வருகிறவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, பார்க்கிங் தேடி, இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிஷம் வாங்குகிறார். கண்ணியமாக இருக்க வேண்டிய கடமை இரு பக்கமும் ஒரே எடை இல்லை. அவர் பேசும்போது ஒரு சூப்பர்வைசர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது, அவர் சொல்லும் கெட்ட வார்த்தையைவிட எனக்கு உறுத்துகிறது.

எனக்கு இன்னும் சமாதானம் ஆகாத ஒரு விதி உண்டு. சந்தை விலையை நிரூபிக்க, மதிப்பீட்டுத் தேதிக்கு (பெரும்பாலும் அந்த ஜனவரி 1) 90 நாட்களுக்கு மேல் பிந்திய விற்பனையைக் காட்ட முடியாது. அசெசருக்கும் அதே விதிதான். பெரிய கட்டடங்களுக்கு வாதாடும் வரி ஏஜென்ட்களுக்கு அது மனப்பாடம். வீட்டுக்காரரோ வீட்டு விலை காட்டும் ஸில்லோ இணையதளத்தில் அச்செடுத்த மே மாத விலைகளோடு வருகிறார். தான் குடியிருக்கும் வீடு, தேவையான தகவலைக் கொடுத்துவிட்டார் என்றால், நிரூபிக்கும் பொறுப்பு அசெசருடையது என்று சட்டம் சொல்கிறது. அதுவும் அவருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் விசாரணை நோட்டீஸின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடலாமே என்று எழுதிக் கொடுத்தேன். அது சட்ட ஆலோசனை ஆகிவிடும் என்று கவுன்டி வழக்கறிஞர் தரப்பு தயங்கியது. பல மாதம் இழுத்து, 90 நாள் விதியை மட்டும் ஒரே வரியில் போட ஒப்புக்கொண்டார்கள். இரண்டாவதை அடுத்த ஆண்டு மறுபடி கேட்பதாக இருக்கிறேன். ஸில்லோ தாள்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் சிலர் இப்போது மே மாதத்தை அடித்துவிட்டுக் கொண்டுவருகிறார்கள்.