பழைய படகின் இரைச்சல்

பினாங்கின் பத்து மாவுங் கரையில் நிற்கும் எங்கள் மரப்படகில் இப்போது இன்ஜின் அறையின் சத்தத்தை அடக்கும் வேலை நடக்கிறது. அப்பா காலத்து டீசல் இன்ஜின். ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடமும் கத்தித்தான் பேச வேண்டும். அப்பாவின் காது மந்தமானதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் இந்த வேலையில் இத்தனை பிடிவாதம்.

ஃபோம் ஒட்டினால் போதும் என்பார்கள். போதாது. ஃபோம் அறைக்குள் எதிரொலியைத்தான் குறைக்கும். சத்தம் வெளியே வராமல் தடுப்பது எடை. தடுப்பின் எடையை இரண்டு மடங்காக்கினால் வெளியே வரும் சத்தம் சுமார் 6 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறையும். ஆகவே நடுவில் கனமான வினைல் பிளாஸ்டிக் தகடு வைத்த, எளிதில் தீப்பற்றாத ஃபோம் வாங்கினேன். எண்ணெய் ஊறாதபடி மேலே அலுமினியத் தாள்.

மூடியின் ஓரத்தில் சின்னச் சந்து இருந்தாலும் உழைப்பெல்லாம் வீண், அதனால் சுற்றிலும் ரப்பர் பட்டை. ஆனால் டீசலுக்குக் காற்று வேண்டுமே! காற்று வரும் வழியை வளைத்து உள்ளே ஃபோம் ஒட்டினோம். காற்று வளைந்து வந்துவிடும், சத்தம் முட்டி முட்டி அடங்கும். அப்புறம், இன்ஜினைத் தாங்கும், இறுகிப்போன மவுண்ட் ரப்பர்களையும் மாற்றினோம். இல்லையென்றால் அதிர்வு மரம் வழியாகவே கேபினுக்குப் போய்விடும்.

வெயிலுக்காகக் கேபின் கூரையின் அடியில் நீர் உறிஞ்சாத ஃபோம். அடிப்பலகைகளை மட்டும் மூடவில்லை. "காத்து படலன்னா மரம் உளுத்துடும் தம்பி" என்றார் தச்சர் மாமா. சரியான பேச்சு.

புகைக்குழாயில் சுற்றியிருக்கும் பழைய துணியை இன்னும் தொடவில்லை. அந்தக் காலத்துச் சுற்றில், தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பரிசோதிக்காமல் நீங்களும் பிய்க்காதீர்கள்.